புல்டோசரும் நடுச்சுவரும்

அவளைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒல்லி உடம்பு, அதைவிட ஒல்லிக் குரல். பஸ்ஸில் இறங்குவதற்கு "கொஞ்சம் வழி விடுங்களேன்" என்று அவள் கேட்டால் முன்னால் நிற்பவர் காதில் விழுவதற்குள் நிறுத்தம் தாண்டிப் போயிருக்கும். ஆனால் ஆபீஸில் அவள் பெயர் புல்டோசர்.

பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது. கீழே மருந்துக்கடை, மாடியில் இவர்கள். வீட்டைப் போய் அளந்து வருவது, இருக்கிறபடியே கம்ப்யூட்டரில் வரைவது, பிறகு வேண்டாத சுவர்களை எடுப்பது, இதுதான் அவள் வேலை. வருகிற எல்லாருக்கும் ஏதாவது ஒரு சுவர் வேண்டாததாக இருக்கும். சமையலறைச் சுவர் இல்லாவிட்டால் கூடம் பெரிதாகும் என்பார் ஒருவர். மாமனார் அறைச் சுவரை நகர்த்த முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார் இன்னொருவர். அவள் மவுஸால் சுவரைத் தொடுவாள். அது நீலமாக மாறும். ஒரு பொத்தான். சுவர் இருந்த இடம் தெரியாது. செங்கல் விழாது, தூசி பறக்காது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். ஒரே காலையில் ஒன்பது சுவர்களை அவள் காலி செய்த நாளில்தான் ஆர்க்கிடெக்ட் மேடம் அந்தப் பெயரை வைத்தார். அது வீடு வரைக்கும் வந்துவிட்டது. "கரப்பான்பூச்சியைப் பார்த்தா நாற்காலி மேல ஏறி நிக்கிற ஆளுக்குப் பேரைப் பாரு!" என்று கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஒருநாள் காலை டிரைவிங் மாஸ்டர் ஒருவர் மாடியேறி வந்தார். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். கொஞ்சம் தொப்பை, நன்றாகத் தேய்த்த சட்டை, நாள் முழுக்க "பிரேக், பிரேக்!" என்று கத்திக் கத்திக் கரகரத்துப் போன தொண்டை. உட்கார்ந்த பிறகும் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருந்தது.

"ரெண்டு வீடு இருக்கு. ஒண்ணையொட்டி ஒண்ணு. நடுச்சுவரை எடுத்துட்டா எப்படி இருக்கும்னு சும்மா பார்க்கணும்" என்றார்.

"ரெண்டுமே உங்க வீடுதானே?" என்று கேட்டார் மேடம்.

"ஒண்ணு என்னோடது."

"இன்னொண்ணு?"

"பக்கத்து வீட்டம்மாவோடது. வீட்லயே துணி தைக்கிறாங்க."

"அவங்களுக்கு இந்த விஷயம் தெரியுமா?"

மாஸ்டர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "தெரிஞ்சா நல்லா இருக்கும்னுதான் வந்திருக்கேன்."

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புல்டோசருக்கும் புரிந்தது. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம் என்று தோன்றியது.

பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மாஸ்டரின் மனைவி இறந்து வெகு காலம் ஆகிறது. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். பக்கத்து வீட்டு டெய்லரம்மாவும் கணவனை இழந்தவர், அவருக்கும் ஒரே மகள். மாஸ்டரின் பேன்டுகளுக்கு இடுப்பைத் தளர்த்திக் கொடுப்பது அவர்தான். அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாஸ்டர். அந்தப் பாடங்கள் முடிந்த பிறகுதான் மாஸ்டருக்குத் தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது உறைத்தது.

"நேராப் போய்க் கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் மேடம்.

"வாய் வரமாட்டேங்குது மேடம். படமாக் கையில கொடுத்துட்டா அவங்களே புரிஞ்சுக்குவாங்கன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் காது வரை சிவந்துவிட்டார்.

புல்டோசர் மறுநாளே போய் மாஸ்டரின் வீட்டை அளந்து வந்தாள். கட்டியவர் இரண்டு வீட்டையும் ஒரே மாதிரி, ஆனால் இடம் வலம் மாற்றிக் கட்டியிருந்தார். அதனால் மாஸ்டர் வீட்டை வரைந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் பக்கத்தில் வைத்ததும் டெய்லரம்மா வீடு தானாக வந்துவிட்டது. திரையில் இரண்டும் சேர்ந்து கைகூப்பின மாதிரி நின்றன. நடுவில் ஒரே ஒரு கோடு.

படத்தைப் பார்க்க வந்த மாஸ்டர் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் சுவரைத் தொட்டாள். இதில் பொருத்தியிருப்பதெல்லாம் சேர்ந்து போய்விடும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதில் பொருத்தியிருந்தது மாஸ்டர் வீட்டுக் காலண்டர் ஆணியும் ஒரு சுவிட்சும்தான். சரி என்றாள். சுவர் போயிற்று.

இரண்டு கூடங்களும் ஒன்றாகி, இந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து அந்தப் பக்கத்து ஜன்னல் வரைக்கும் ஒரே வெளிச்சமாக இருந்தது.

"திரும்ப வைங்கம்மா" என்றார்.

வைத்தாள்.

"எடுங்க."

எடுத்தாள். இப்படியே நாலைந்து தடவை. லைட் சுவிட்ச் கிடைத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டார் மனிதர். மேடம் எட்டிப் பார்த்து, "நிஜச் சுவரா இருந்தா கொத்தனார் வேலையை விட்டே ஓடியிருப்பார்" என்றார்.

அடுத்த சிக்கல் வந்தது. வெறும் அறைகளைக் காட்டினால் டெய்லரம்மாவுக்குத் தன் வீடு என்று எப்படித் தெரியும்? சாமான்களையும் வரைய வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் மாஸ்டர் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. பேன்டைக் கொடுப்பதும் வாங்குவதும் கதவருகில்தான்.

"அப்போ உள்ளே என்ன இருக்குன்னே தெரியாதா சார்?"

"தெரியுமே" என்றார் மாஸ்டர். "மெஷின் இங்க இருக்கு." திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். "என் சோபாவுக்கு நேர் பின்னாடி. காலையில அந்தச் சத்தம்தான் என்னை எழுப்புது. ரேடியோ அதுக்குத் தள்ளி, ஜன்னல் பக்கம். இந்த மூலையில ஒரு நாற்காலி, ஒரு கால் ஆடும். உட்காரும்போது ஒரு டக், எழுந்திருக்கும்போது ஒரு டக். துணி வெட்டற மேஜை நடுவுல. கத்திரிக்கோலை வச்சா கண்ணாடிச் சத்தம் வருது, அதனால மேஜை மேல கண்ணாடி போட்டிருக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாக வைத்தாள். காதால் கேட்டே ஒரு வீடு நிறைந்தது. நாற்காலியின் ஆடுகிற காலை மட்டும் வரைய முடியவில்லை என்று அவளுக்குக் குறையாக இருந்தது. வண்ணத்தில் பிரிண்ட் எடுத்து உருட்டிக் கொடுத்தாள். மாஸ்டர் அதைக் கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி வாங்கிக்கொண்டு போனார்.

வாரம் ஒன்று ஓடியது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் செய்தாள்.

"கொடுத்தாச்சா சார்?"

"எங்கம்மா! வண்டி ஸ்டார்ட்டிங்லதான் இருக்கு. கிளட்ச்ல வச்ச காலை எடுக்க முடியல. நேத்து வாசல் வரைக்கும் போயிட்டேன். கதவைத் திறந்தாங்க. 'பேன்டா?'ன்னு கேட்டாங்க. 'ஆமா'ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு ஓடிப்போய் நல்லா இருக்கிற பேன்டை எடுத்துட்டு வந்து கொடுத்தேன்."

மேடம் போனை வாங்கினார். "சார், படம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சுவரோட கனம் என்னன்னே நமக்குத் தெரியாது. உங்க பக்கம் மட்டும் அளந்தா பத்தாது, அவங்க பக்கமும் பார்க்கணும். நம்ம பொண்ணை அனுப்புறேன். நீங்க கூடப் போங்க."

"என்னன்னு சொல்லிட்டுப் போறது? ஏதாவது தண்ணிக் குழாய் பார்க்க வந்ததா..."

"நான் பொய் சொல்ல மாட்டேன் சார்" என்றாள் புல்டோசர், மேடத்தின் தோள் வழியாக. அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில் மேடமே திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் இருவரும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார்கள். மணியை அவள்தான் அழுத்தினாள். டெய்லரம்மா கழுத்தில் டேப்பும் தலையில் ஏற்றிய கண்ணாடியுமாக வந்து கதவைத் திறந்தார். அகலமான முகம், எதையும் எடை போடுகிற பார்வை. மாஸ்டரைப் பார்த்தார், அவர் கையில் பேன்ட் இல்லாததைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

"அக்கா, நான் வீட்டுப் படம் வரையறவ. மாஸ்டர் வீட்டை அளந்திருக்கேன். நடுச்சுவரோட உங்க பக்கத்தையும் அளக்கணும். எதுக்குன்னு அவர்தான் சொல்லணும்."

இரண்டு பெண்களும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"சுவர்..." என்றார் மாஸ்டர்.

"சுவருக்கு என்ன?"

"நடுவுல இருக்கு."

"நடுச்சுவர் வேற எங்க இருக்கும்?"

மாஸ்டர் மூச்சை இழுத்தார். "கொஞ்சம் இடைஞ்சலா இருக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

டெய்லரம்மா தலையில் இருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பிறகு கதவை முழுக்கத் திறந்தார். "உள்ள வாங்க. டீ போடறேன்."

மாஸ்டர் முதல்முறையாக அந்த வாசற்படியைத் தாண்டினார். தாண்டினவர் அப்படியே நின்றுவிட்டார். மெஷின் அவர் சொன்ன இடத்தில் இருந்தது. ரேடியோவும், நாற்காலியும், கண்ணாடி போட்ட மேஜையும் சொன்ன இடத்தில்தான் இருந்தன. ஆனால் நடுச்சுவர்! தரையிலிருந்து கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் வரிசை வரிசையாக மரச்சட்டம், அதில் குச்சிகள், ஒவ்வொரு குச்சியிலும் ஒரு நூல்கண்டு. சிவப்பிலேயே எத்தனை சிவப்பு, பச்சையிலேயே எத்தனை பச்சை. சுவர் முழுக்க நிறம் வழிந்துகொண்டிருந்தது.

புல்டோசர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இதைப் படத்தில் ஒரே பொத்தானில் அழித்தவள் அவள்தான்.

டீ வந்தது. மாஸ்டர் கக்கத்தில் இடுக்கியிருந்த படத்தை எடுத்து நீட்டினார். டெய்லரம்மா அதை வெட்டு மேஜையில் விரித்து, ஒரு முனைக்குக் கத்திரிக்கோலையும் மறு முனைக்கு டீ டம்ளரையும் வைத்து, துணியைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"என் மெஷின் சரியான இடத்துல இருக்கே. யார் சொன்னது?"

"சத்தம் கேட்கும்" என்றார் மாஸ்டர்.

"இந்த ஓட்டை நாற்காலி?"

"அதுவும்தான்."

டெய்லரம்மாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே சரியாயிற்று. "என் நூல் எங்க?"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "நூலுக்குச் சத்தம் கிடையாதே" என்றார் பரிதாபமாக.

டெய்லரம்மா சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் படத்தைச் சுருட்டித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "நான் யோசிக்கணும்" என்றார்.

புல்டோசர் சுவரை அளந்துகொண்டாள். படியிறங்கும்போது மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிருந்தது. "முடிஞ்சு போச்சும்மா. ரிவர்ஸ் கியர்தான்."

"யோசிக்கணும்னுதானே சொன்னாங்க சார்? வேண்டாம்னு சொல்லலையே. படத்தையும் திருப்பித் தரல."

அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. கீழ்ப்படியில் நின்று கொஞ்ச நேரம் அதை மென்றார். "தரலைல்ல?" என்றார்.

இரண்டு நாள் கழித்து டெய்லரம்மா தானே ஆபீஸுக்கு வந்தார். வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நேராகப் புல்டோசர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டைக் காட்டும்மா. நீ எடுத்த சுவரைத் திரும்ப வை."

மறுத்துப் பேச அவள் யார்? சுவரைத் திரும்ப வைத்தாள். கைகூப்பின வீடுகளுக்கு நடுவில் மறுபடியும் கோடு விழுந்தது.

"என் நூலை மாட்டு."

அளந்து வந்த கணக்குப்படி சட்டங்களை வரைந்தாள். நிறத்துக்கு மட்டும் டெய்லரம்மா பக்கத்திலேயே இருந்து சொன்னார். இது மெரூன் இல்லை, செங்கல் சிவப்பு. இது அதைவிட ஒரு இழை வெளுப்பு. ஒருவழியாக எல்லாம் அவருக்குத் திருப்தியாயிற்று.

"இப்போ இதுல ஒரு கதவு போடு."

புல்டோசர் சட்டென்று திரும்பினாள். "கதவா அக்கா?"

"கதவுதான். சட்டம் முடியுற இந்த ஓரத்துல." விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். "முழுசா எடுத்தா ஆகாதும்மா. கல்யாணம் ஆகுற வரைக்கும் அப்பா வீடு, அப்புறம் மாமியார் வீடு, அவர் போனப்புறம் கொஞ்ச நாள் மருமகன் வீடு. என் சாவின்னு ஒண்ணு என் கையில வந்தது இந்த வீட்டுலதான். நான் விடிகாலையில எழுந்து தைப்பேன். அவர் மேட்ச் பார்க்க உட்கார்ந்தா டிவிக்கே காது வலிக்கும். சுவர் இருக்கட்டும். ஆனா..." டேப்பை விரலில் சுற்றினார். "ஆனா அவரு நல்ல மனுஷன். நான் டெஸ்ட்ல ரெண்டு தரம் கோட்டை விட்டப்பவும் ஒரு வார்த்தை சுடுசொல் சொல்லல. மத்தவங்களைக் கத்துறதை நானே கேட்டிருக்கேன். என்னைக் கத்தினதில்ல. வந்து போக ஒரு வழி வேணும்."

புல்டோசர் கதவை எடுத்துச் சுவரில் கொண்டுபோய் வைத்தாள். வைத்ததுமே, யாரும் உடைக்காமல், சுவர் தானே விலகி வழிவிட்டது. மென்பொருளில் அது எப்போதும் அப்படித்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவள் அதைக் கவனித்துப் பார்த்தாள். வருஷக்கணக்காக அழித்துத் தள்ளியவள், இப்படி ஒரு வேலையும் இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் அக்கா?"

"ரெண்டு பக்கமும். அவருக்கும் கோபம் வரும்ல?"

மேடம் அதுவரைக்கும் பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார். இனி முடியாது என்று எழுந்து வந்தார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். அளவை இன்ஜினியருக்கு அனுப்பியிருந்தேன். காலையிலதான் பேசினார். மேல் தளத்தைத் தாங்குறதே அந்தச் சுவர்தானாம். முழுசா எடுக்கவே கூடாதுன்னார். ஒரு கதவுன்னா மேல பீம் போட்டுத் தாராளமா வைக்கலாமாம். இதை எப்படி அந்த மனுஷன்கிட்ட சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

"அப்போ நான் சொல்லலைன்னாலும் சுவர் நின்னிருக்கும்" என்றார் டெய்லரம்மா. "பரவாயில்ல, நான் சொன்னதா இருக்கட்டும். அவரைக் கூப்பிடுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கீழே டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று வந்து, தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. மாஸ்டர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். டெய்லரம்மாவைப் பார்த்ததும் கால் பின்னிக்கொண்டது. திரையைப் பார்த்தார். சுவர். அவர் முகம் விழுந்ததைப் பார்க்கப் புல்டோசருக்குப் பொறுக்கவில்லை.

"ஓரத்தைப் பாருங்க சார்."

பார்த்தார். "இது... கதவு மாதிரி இருக்கே."

"கதவேதான்" என்றார் டெய்லரம்மா.

"எவ்வளவு அகலம்?" இத்தனைக்கும் நடுவில் அவருக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

"நீங்க நுழையுற அகலம். தொப்பையோட சேர்த்து. உங்க இடுப்பு அளவு எனக்குத் தெரியாதா?"

புல்டோசர் படத்தை முப்பரிமாணத்துக்கு மாற்றி, கதவை மெல்லத் திறந்து காட்டினாள். மாஸ்டரின் சோபாவிலிருந்து பார்த்தால் கதவு வழியாக மெஷினும், நூல்சுவரின் ஒரு துண்டும் தெரிந்தன. மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார். அது எந்தப் பையிலும் இல்லை.

அப்போது கீழேயிருந்து ஹார்ன் சத்தம் கிளம்பியது. ஒன்று, இரண்டு, பிறகு தெருவே சேர்ந்து. மேடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "யாரது, ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடிச்சுட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க?"

"ஐயையோ! இன்னிக்குத்தான் அவங்களுக்கு முதல் பாடம்!"

மாஸ்டர் பாய்ந்து இறங்கினார். பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. திரும்பி ஏறி வந்து, மூச்சிரைக்கத் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"நான் சரின்னு சொன்னேனா?"

"இன்னும் இல்ல" என்றார் டெய்லரம்மா.

"சரி!" என்று கத்திவிட்டு மறுபடியும் ஓடினார். மருந்துக்கடையில் நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

அடுத்த மாதம் வேலை தொடங்கியது. நூல்கண்டுகளையெல்லாம் டெய்லரம்மா இறக்கிப் பெட்டிகளில் அடுக்கி, சட்டத்தைத் துணியால் மூடினார். கொத்தனார் மேலே பீமை வைத்துவிட்டு, கீழே செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அளவு சரியா என்று பார்க்கப் புல்டோசரும் போயிருந்தாள். இத்தனை சுவர்களை எடுத்தவள், நிஜமாக ஒரு செங்கல் வெளியே வருவதை அன்றுதான் பார்த்தாள். எவ்வளவு சத்தம், எவ்வளவு தூசி! முதல் ஓட்டை விழுந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டரின் ஒரு கண் தெரிந்தது.

"தூசி விழும், தள்ளி நில்லுங்க" என்றார் டெய்லரம்மா இந்தப் பக்கத்திலிருந்து.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றது அந்தக் கண், சிமிட்டிக்கொண்டே.

கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று இரண்டு மகள்களும் வந்திருந்தார்கள். இருவரும் பார்த்த உடனே ஒட்டிக்கொண்டு, ஒருவர் அம்மாவைப் பற்றியும் மற்றவர் அப்பாவைப் பற்றியும் குறை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மேடம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். புல்டோசரின் கணவன் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தான்.

சில வாரங்கள் கழித்து, கதவுச் சட்டத்தில் வெடிப்பு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க அவள் மறுபடி போனாள். வெடிப்பு இல்லை. கதவு திறந்து கிடந்தது. அதில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு திரைச்சீலை தொங்கியது. பார்த்தாலே கண் கூசும் மஞ்சள், அந்த நூல்சுவரில் எதோடும் சேராத மஞ்சள்.

"அவர் தேர்ந்தெடுத்தது" என்றார் டெய்லரம்மா, மெஷினிலிருந்து தலை தூக்காமல். "வேற ஏதாவது பாருங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"நல்லாத்தானே இருக்கு" என்றார் மாஸ்டர் தன் சோபாவிலிருந்து. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். "பளிச்சுன்னு."

"பளிச்சுன்னா? ரோட்ல மாட்டினா ஆக்சிடென்ட் ஆகும்."

மாஸ்டர் சிரித்தார். டெய்லரம்மாவும் சிரித்தார். திரைச்சீலையின் ஓரத்தை மட்டும் அவர் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருக்கிறார் என்பதைப் புல்டோசர் கவனித்தாள். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. அந்த மஞ்சளுக்கென்றே புதிதாக ஒரு நூல்கண்டு வாங்கி மாட்டியிருந்தார். சட்டத்தில் கதவோரமாக, தனியாகப் பளபளத்துக்கொண்டிருந்தது அது.